கடலில் விழும் எரிமலைக் குழம்பைப் படம்பிடித்தல்

ஹவாய்த் தீவுகளுள் மிகப் பெரியதன் தென்கிழக்குப் பகுதியில் உள்ள கிலவேயா எரிமலை, 1983 முதல் 2018 வரை, இடையிடையே சிறிது ஓய்ந்தாலும் பெரும்பாலும் தொடர்ந்து குழம்பைக் கக்கியமையால், உருகிய பாறை கடலில் விழும் அரிய காட்சியை நெடுங்காலம் படம்பிடிக்கும் வாய்ப்பு ஒளிப்படக் கலைஞர்களுக்குக் கிடைத்தது.

ஏறத்தாழ 1,150 பாகை செல்சியசு வெப்பமுடைய அக்குழம்பு தானே ஒளிர்வது எனினும், நண்பகல் வெயிலில் அதன் செந்நிறம் மங்கி வெண்ணிற ஆவி மட்டுமே எடுப்பாகத் தெரிகிறது. நள்ளிரவிலோ குழம்பு மட்டும் தெரிந்து, பாறையும் கடலும் இருளில் மறைந்துவிடுகின்றன. ஆகவே இரண்டும் ஒருங்கே பதிவாவதற்குரிய வேளை விடியலுக்குச் சற்று முன்னரும் அந்திக்குச் சற்றுப் பின்னருமே ஆகும். வெப்பமண்டலத்தில் அவ்வேளையும் விரைவில் கடந்துவிடும். சுற்றிலும் இருள் மிகுந்திருப்பதைக் கண்டு கேமராவின் ஒளிமானி தேவைக்கு மேல் ஒளியை உள்ளே விடுவதால், குழம்பின் சிவப்பு வெளிறி மஞ்சள் திட்டாகிவிடுகிறது என்பதனால், தேர்ந்தவர்கள் அதன் கணிப்பினும் குறைந்த ஒளியையே அனுமதிப்பர். ஷட்டரை ஓரிரு நொடி திறந்துவைத்தால் ஒழுக்கு பட்டுநாடாபோல் வழவழப்பாகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே திறந்தால் சிதறும் துண்டுகள் தனித்தனியே தெரிகின்றன. விற்பனையாவது பெரும்பாலும் முன்னது எனினும், நிகழ்வுக்கு உண்மையாக இருப்பது பின்னதே.

அங்கு எழும் வெண்மேகம் வெறும் நீராவி அன்று. கடல்நீர் கொதித்து வற்றும்போது அதிலுள்ள உப்புகள் நீராவியுடன் வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்க, அதனுடன் நுண்ணிய எரிமலைக் கண்ணாடித் துகள்களும் கலந்து கண்ணையும் நுரையீரலையும் தாக்குகின்றன. காற்று திசைமாறினால் கருவிகளும் தப்புவதில்லை.

நிலமும் நம்பத்தக்கதன்று. குழம்பு நீர்பட்டு நொறுங்கிக் கருமணலாகக் கடலடியில் குவிய, அத்தளர்ந்த குவியலின்மேல் புதுப் பாறை படிந்து உருவாகும் மேடை, அதாவது ‘எரிமலைக் குழம்பு டெல்டா’, முன்னறிவிப்பின்றிச் சரியக்கூடியது. 2016 டிசம்பர் 31 அன்று கமோகுனா என்னுமிடத்தில் ஏறத்தாழ 22 ஏக்கர் பரப்புள்ள டெல்டா கடலுள் வீழ்ந்தது. தடைக்கயிற்றைத் தாண்டிச் சென்ற ஐவரை அங்குள்ள தேசியப் பூங்காவின் காவலர் திருப்பியழைத்த சிறிது நேரத்தில், அருகிலிருந்த பழைய கடற்பாறையின் ஒரு பகுதியும் இடிந்தது. அச்சரிவினால் உள்ளிருந்த குழம்புக் குழாயின் வாய் வெட்டுண்டு திறக்க, குழம்பு பாறை முகத்திலிருந்து தாரையாகப் பீறிட்ட காட்சியே பின்னர் உலகெங்கும் பரவிய படங்களாயிற்று.

2018 ஜூலை 16 அன்று கபோஹோ அருகே நீருக்கடியில் நிகழ்ந்த வெடிப்பில் சுற்றுலாப் படகொன்றின்மேல் பாறைகள் விழுந்து 23 பேர் காயமுற்றனர். அதன்பின் எல்லாப் படகுகளும் குழம்பு விழுமிடத்திலிருந்து 300 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டுமென அமெரிக்கக் கடலோரக் காவல்படை கட்டளையிட்டது. படமெடுப்போர்க்கு இது பெரிய இழப்பன்று. அத்தொலைவிலிருந்தும் 400 மில்லிமீட்டர் லென்ஸ், முழுச்சட்டக் கேமராவில், ஏறத்தாழ 27 மீட்டர் அகலமுள்ள காட்சியைப் படம் முழுதும் நிரப்பிவிடும்.