சனிக்கிழமை வரிசை



சனிக்கிழமை பிற்பகல் ஒரு தேவாலய வளாகத்தையோ பள்ளித் திடலையோ கடந்து போகும்போது, பித்தளைப் பக்கிள் வைத்த பெல்ட் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் பையன்களை இந்தச் சிங்கப்பூரில் பலரும் பார்த்திருப்பீர்கள். பக்கிளில் ஒரு நங்கூரம் இருக்கும். அதுதான் பாய்ஸ் பிரிகேட் என்ற கிறிஸ்தவச் சிறுவர் அமைப்பு. வரிசைக்கு எதிரே ஒரு பெரியவர் நிற்பார் அல்லவா? பல இடங்களில் அவர் சம்பளம் வாங்காத தொண்டூழியர். வார நாளில் வேறெங்கோ வேலை பார்ப்பவர். நானும் அப்படி ஒருவன்தான். வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஓய்வு நாளையும் ஏன் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறாய் என்று உறவினர்கள் கேட்பதுண்டு. இன்று உங்களிடம் அதற்கான பதிலைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

பாய்ஸ் பிரிகேடைத் தொடங்கியவரும் முழுநேர ஊழியர் அல்லர். வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வியாபாரி. ஓய்வு நேரத்தில் தொண்டர் துப்பாக்கிப் படையில் அதிகாரி. ஞாயிறன்று ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதான பையன்கள் ஓய்வுநாள் பள்ளியைச் சின்னப் பிள்ளைகளின் சமாசாரம் என்று சொல்லி நின்றுவிடுவதை அவர் பார்த்தார். சபையில் பெரியவர்களோடு உட்காரவும் அவர்களுக்கு வயது போதாது. நடுவில் சில ஆண்டுகள் அவர்களுக்கென்று யாரும் இல்லை. தாம் படையில் கற்ற அணிவகுப்பையே அவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று நினைத்தார். 1883 அக்டோபர் 4ஆம் தேதி, நார்த் உட்சைடு மிஷன் மண்டபத்தில், ஹில் சகோதரர்கள் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. 1886 ஜூலையில், கிளாஸ்கோவின் விடுமுறை வாரத்தில், பையன்களைக் கடலோரம் முகாமுக்கு அழைத்துப் போனார். அது அவருக்கும் ஓய்வெடுக்க வேண்டிய விடுமுறை, நேயர்களே. அதையும் பையன்களுக்கே கொடுத்தார்.

சிங்கப்பூருக்கு இந்த அமைப்பைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் மில்னர் ஃபிரேசர். 1930 ஜனவரியில் பிரின்செப் ஸ்திரீட் தேவாலயத்தில் அதன் முதல் கம்பெனி, அதாவது முதல் பிரிவு, தொடங்கியது. அவர் கட்டடக் கலைஞர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு முன்பு இங்கே வீடுகள் கட்டிய சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டில் பிற்காலத்தில் மேலாளராக இருந்தவர். 

என் கதைக்கு வருகிறேன். வாழ்க்கையில் ஒரு நோக்கத்தைத் தேடிக்கொண்டு நான் பாய்ஸ் பிரிகேடுக்குப் போகவில்லை. சாமான் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கம்பெனியின் கேப்டன் கேட்டார், போனேன். கூடாரம், கயிறு, முளைக்குச்சி எல்லாவற்றையும் எண்ணி அடுக்குவதுதான் வேலை. பிறகு ஒரு நாள் ஆபிசர் ஒருவர் வர முடியாமல் போக, "நீங்கள் இன்ஸ்பெக்‌ஷன் செய்யுங்கள்" என்றார் கேப்டன்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றதும் அதட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்தது அதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பையனுக்கும் எதிரே வந்து நிற்போம். தொப்பி, காலர், பேட்ஜ், பக்கிள், காலணி என்று பார்வை மேலிருந்து கீழே இறங்கும். சில விநாடிகள்தான். யோசித்துப் பாருங்கள், பதினான்கு வயதுப் பையனை ஒரு பெரியவர் அவ்வளவு அருகில், அவ்வளவு கவனமாக வேறு எங்கே பார்க்கிறார்? வீட்டில் அவன் அறைக்கதவு சாத்தியிருக்கும். வகுப்பில் நாற்பது தலைகளில் அவனும் ஒரு தலை. இங்கே வாரா வாரம் அவன் முறை வரும். பிராஸோ போட்டுத் தேய்த்த பக்கிளைக் காட்டி அவன் நிமிர்ந்து நிற்பான். "நன்றாக இருக்கிறது" என்று ஒரு சொல் சொன்னால் போதும், தோள் இன்னும் ஓர் அங்குலம் உயரும்.

ஒரு பையன், பெயர் வேண்டாம். அவன் பக்கிள் எப்போதும் கண்ணாடிபோல இருக்கும், குறை சொல்லவே முடியாது. ஒரு சனிக்கிழமை அவன் பெல்ட்டைப் பார்த்தேன். இறுக்கிக் கட்டியிருந்தான், மிச்ச நுனி நீண்டு உள்ளே மடங்கிக் கிடந்தது. வளர்கிற வயதில் பெல்ட்டைத் தளர்த்தத்தான் வேண்டியிருக்கும், இறுக்க வேண்டியிருக்காது. வரிசையில் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் மைலோ குடிக்கும் நேரத்தில் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் "ஒன்றுமில்லை சார்" என்றான். பிறகு மெதுவாக வந்தது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. இடைவேளைக் காசைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பள்ளியில் சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி வந்திருக்கிறான். கேப்டனும் போதகரும் அவன் வீட்டுக்குப் போனார்கள். சபை மூப்பர் ஒருவர் அப்பாவின் வேலைக்கு வழி செய்தார். நான் செய்தது ஒரு பெல்ட்டைப் பார்த்தது மட்டுமே. ஆனால் அதைப் பார்க்க அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டியிருந்தது. வாரம் முழுவதும் அலுவலகத்தில் செய்கிற எந்த வேலையிலும் எனக்கு அந்த நிறைவு கிடைத்ததில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குரல் உடைகிற வயதில்தான் ஒருவன் கார்ப்பரலாகி முதல் கட்டளை கொடுப்பான். பாதி வார்த்தை கனமாக வரும், மீதி கீச்சென்று போய்விடும். வரிசையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிக்கக் கூடாது என்று விதி போட்டதால் அல்ல. போன ஆண்டு அதே இடத்தில் நின்றவன் இப்போது முன்வரிசையில் சார்ஜண்டாக நிற்கிறான், அடுத்த ஆண்டு நிற்கப்போகிறவன் பின்வரிசையில் இருக்கிறான். அந்தக் கட்டளைக்கு முப்பது காலணிகள் ஒரே சத்தமாகத் தரையில் விழும்போது அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும் நேயர்களே! அதற்காகவே மழையிலும் பேருந்து மாறிப் போவேன்.

முகாம், பேட்ஜ் தேர்வுகள், வேத பாடம் எல்லாம் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் சபையில் இப்படி ஒரு கம்பெனி இருந்தால், வருகிற சனிக்கிழமை கேப்டனிடம் போய் என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள். அணிவகுப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை, சாமான் அறையிலிருந்தே தொடங்கலாம். முக்கியமாக, தமிழ் பேசுகிறவர்கள் வேண்டும். வராத பையனைத் தேடி வீட்டுக்குப் போனால் சில வீடுகளில் கதவைத் திறப்பது பாட்டிதான். அவரிடம் உட்கார்ந்து, "பேரன் எப்படி இருக்கிறான் பாட்டி?" என்று கேட்க எங்களுக்கு ஆள் போதவில்லை. நீங்கள் வருவீர்கள் என்று நம்புகிறேன்.