மௌனத்தின் மதிப்பு
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விடுதியில் இருந்த எவரும் மாலைப் படிப்பு மணியை மறந்திருக்க மாட்டோம். மணி அடித்தால் ஒரு சொல் பேசக்கூடாது. அந்த மௌனத்தை அன்று தண்டனையாகவே எண்ணினோம்.

இன்று அதைத் தேடி மக்கள் கடல் கடந்து போகிறார்கள். பாலித் தீவின் இந்துக்கள் தங்கள் புத்தாண்டை ‘நியெபி’ என்று அனுட்டிக்கிறார்கள். நம் பஞ்சாங்கத்திலும் காணப்படும் சக ஆண்டுதான் அது. முதல்நாள் மாலை பூத உருவங்களைச் சுமந்து பேரொலி எழுப்புவார்கள். மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து 24 மணி நேரம் தீ இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையமும் மூடப்படும். உல்லாசப் பயணிகளும் ஹோட்டலுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆனாலும் அந்த இருளையும் அமைதியையும் விரும்பியே அந்நாளில் அங்கு செல்வோர் உண்டு.

கண்டியில் வளர்ந்த நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. போயா தினத்தில் மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் மூடியிருக்க, வெள்ளுடை அணிந்தோர் தலதா மாளிகைக்குச் செல்வதைப் பார்த்திருக்கிறோம். 1966 முதல் சில ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயாவே வார விடுமுறையாக இருந்ததை மூத்த சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். கலஹாவை அடுத்த நிலம்பே தியான நிலையத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே, வெளிநாட்டவரும் பேசாமல் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

ஆனால் நமக்கு இன்னொரு மௌனமும் தெரியும். 1983 ஜூலையில், ஊரடங்கு வேளையில், விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகள் அழாதபடி அணைத்துக்கொண்டு இருந்தோம். நம்மில் சிலர் சிங்கள அயலவரின் அறைகளில் ஒளிந்திருந்தோம். அன்றும் வெளிச்சம் இல்லை, பயணம் இல்லை. அதன்பின் எத்தனையோ தோழியர் இந்த ஊரைவிட்டே போனார்கள். இந்த மலர் இன்று பல நாடுகளுக்குத் தபாலில் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு மௌனங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். பாலியில் ஊரே மனம் ஒப்பி விளக்கை அணைக்கிறது. அன்று நாம் அச்சத்தால் அணைத்தோம்.

அந்த நாட்களைப் பற்றி நம் பிள்ளைகளிடம் பெரும்பாலும் பேசாமலே இருந்துவிட்டோம். இனிச் சொல்வோம். அடைக்கலம் தந்தவர்களைப் பற்றியும் சேர்த்தே சொல்வோம்.

இப்போது, மறைந்த நம் ஆசிரியர்களையும் தோழியரையும் நினைந்து இரண்டு நிமிடம் எழுந்து நிற்போம். பழைய விடுதி மணி அடிக்கும். இம்முறை அந்த மௌனத்தை நாமே விரும்பி ஏற்போம்.