மின்சார ஊசியும் மாதத் தொல்லையும்

(உத்தனப்பள்ளியில் பெண் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி, மேடையில் பேசத் தகாதது என்று வைதீகர்கள் நினைக்கும் சங்கதியாகும். பெண்களுக்கு மாதவிடாய் வருவதற்குச் சில நாள் முன்னால் தோன்றும் தலைநோவு, மார்புக் கனம், வயிற்று உப்புசம், காரணமில்லாத அழுகை, எரிச்சல், தூக்கமின்மை ஆகியவைகளைப் பற்றியும், உடம்பில் சில புள்ளிகளில் மின்சாரம் பாய்ச்சினால் இவை தீர்ந்துபோகும் என்று சொல்லப்படுகிற வைத்தியத்தைப் பற்றியும் பேசப் போகிறோம். மேடையில் பேசக் கூடாது என்கிறவர்கள், கோயில் வாசலில் மாத்திரம் இதை விசாரிக்கத் தவறுவதே இல்லை. 2018ல் சபரிமலை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னவுடன் தெருவுக்கு வந்து கூச்சல் போட்டவர்கள் வேறு எதைப் பற்றிக் கூச்சல் போட்டார்கள்?

அந்தத் தீர்ப்பு வந்த இரண்டாம் மாதம் கஜாப் புயல் அடித்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பூப்படைந்த ஒரு சிறுமியைத் தீட்டு என்று தனிக் குடிசையில் வைத்திருந்தார்கள். தென்னை மரம் விழுந்து செத்துப் போனாள். 2023ல் கர்நாடகத்துத் தும்கூர் ஜில்லாவில், பிரசவத் தீட்டு என்று ஊருக்கு வெளியே குடிசையில் வைக்கப்பட்ட தாயின் பச்சைக் குழந்தை குளிரில் மாண்டது. இதற்கெல்லாம் எந்தச் சாஸ்திரியும் பரிகாரம் சொல்லவில்லை.

அப்படியானால் இந்த உபத்திரவம் பொய்யா? பொய்யல்ல. 1931லேயே அமெரிக்காவில் பிராங்க் என்ற டாக்டர் இதை எழுதி வைத்தார். கருமுட்டை வெளிப்பட்ட பிறகு இரத்தத்தில் ஏறி இறங்குகிற சுரப்பு நீர்களுக்குச் சிலருடைய மூளை அதிகமாகக் கூசுகிறது. சுரப்பின் அளவு என்னவோ மற்றப் பெண்களுக்கு இருப்பது போலத்தான் இருக்கும். நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பேருக்கு இது வேலையையும் குடும்பத்தையும் கெடுக்கும் அளவுக்குக் கடுமையாகிறது. ஆகவே இது பேயும் அல்ல, மாமியார் சொல்வது போலத் திமிரும் அல்ல.

இனி அந்த மின்சார வைத்தியத்துக்கு வருவோம். நம் ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. பல ஜில்லாக்களிலிருந்து வந்த பெண்கள் விடுதியில் தங்கி, ஷிப்டு முழுதும் நின்றபடி வேலை செய்கிறார்கள். அலுப்பும் சம்பளமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே வைத்தியர் வராமல் இருப்பாரா? கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே ஒரு புள்ளி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு புள்ளி. அங்கே ஊசியோ ஒட்டுப் பட்டையோ வைத்து, பாட்டரிப் பெட்டியிலிருந்து வினாடிக்கு இரண்டு தடவை முதல் நூறு தடவை வரை மின்சாரத் துடிப்பைச் செலுத்துகிறார்கள். கேட்டால் சீனாவின் ஐயாயிர வருஷத்து ஞானம் என்கிறார்கள்.

பழமை என்பது நமக்கு ஒரு சாட்சியமாகுமா? ஆகுமானால் மனுதர்மத்துக்கும் தண்டனிட வேண்டியதுதான்! அந்தச் சீனாவிலேயே 1822ல் சக்கரவர்த்தி தமது அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து இந்த ஊசி வைத்தியத்தை நீக்கி உத்தரவிட்டார். அதில் மின்சாரத்தைச் சேர்த்தவரோ 1825ல் பிரெஞ்சு தேசத்துச் சர்லாந்தியேர் என்ற டாக்டர். நம் நாட்டுக்கு அதைக் கொண்டு வந்தவர், டாக்டர் கோட்னிஸுடன் 1938ல் சீனாவுக்குப் போன வைத்தியக் குழுவைச் சேர்ந்த டாக்டர் பாசு. 1959ல் கல்கத்தாவில் ஆரம்பித்தார். அவர் யோக்கியர், தியாகி. ஆனால் சொல்பவர் யோக்கியர் என்பதற்காகச் சொல்லப்பட்ட விஷயம் ருஜுவாகி விடாது.

ருஜு எப்படித் தேடுவது? பாதிப் பேருக்குச் சரியான புள்ளியிலும், பாதிப் பேருக்கு அவர்களுக்குத் தெரியாமல் தவறான இடத்திலும் குத்திப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர் 1,162 பேரிடம் இப்படிப் பார்த்து 2007ல் வெளியிட்டார்கள். சரியான புள்ளியில் குத்தியவர்களில் நூற்றுக்கு 47.6 பேருக்குக் குணம். கண்ட இடத்தில் லேசாகக் குத்தியவர்களில் 44.2 பேருக்குக் குணம். வழக்கமான வைத்தியத்தில் 27.4 பேருக்குத்தான் குணம். ஆக, ஊசி குத்தியது ஏதோ செய்கிறது. புள்ளிதான் ஒன்றும் செய்யவில்லை! புள்ளியின் ரகசியத்துக்கல்லவா காசு வாங்குகிறார்கள்?

மாதவிடாய்க்கு முந்திய தொல்லையைப் பற்றிய பரீட்சைகளைக் காக்ரேன் என்ற ஆராய்ச்சிக் கூட்டத்தார் 2018ல் தேடித் தொகுத்தார்கள். உலகம் முழுதும் சேர்த்து அவர்களுக்குக் கிடைத்தவை ஐந்தே பரீட்சைகள். பெண்கள் 277 பேர். பொய் வைத்தியத்தைவிடச் சற்று மேல் போலத் தெரிந்தாலும் சாட்சியம் பலவீனமானது என்று அவர்களே எழுதினார்கள். டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பரீட்சை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மின்சாரம் முழுப் புரட்டு என்றும் நாம் சொல்ல வரவில்லை. மாதவிடாய் வந்த பிறகு உண்டாகும் அடிவயிற்று வலிக்கு, வயிற்றின் மேலே பட்டை வைத்து வேகமான துடிப்பைச் செலுத்தினால் வலி குறைகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. தோலிலிருந்து போகும் உணர்ச்சி, வலி மூளைக்குப் போகும் வாசலை அடைக்கிறது என்று 1965ல் மெல்சாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்து விடுகிறோமே, அதே சங்கதிதான். ஆனால் இது வேறு தொல்லை. முந்திய நாட்களின் அழுகைக்கும் எரிச்சலுக்கும் இதைக் காட்டி விற்கக் கூடாது. இருதயத்தில் துடிப்புக் கருவி வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேளாமல் அந்தப் பெட்டிப் பக்கமே போகலாகாது.

கூட்டத்தில் ஒரு தோழியர், "எனக்கு அந்த மிஷினில் குறைந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, குறைந்ததை நாம் மறுக்கவில்லை. இருபது நிமிஷம் எவரும் வேலை ஏவாமல் படுத்திருந்தீர்கள். உங்கள் கஷ்டத்தை ஒருவர் முகம் சுளிக்காமல் கேட்டார். வீட்டிலும் தொழிற்சாலையிலும் அவ்விரண்டும் உங்களுக்கு எப்போது கிடைத்தது? அவற்றைக் காசு கொடுத்து வாங்கும்படி விட்டவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். அத்திப்பள்ளிக்குப் போனால் கர்நாடகம். அங்கே 2025 அக்டோபரில் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று மந்திரி சபை தீர்மானித்தது. எல்லைக்கு இப்பால் இருக்கிற உடம்புக்கு மாத்திரம் வேறு கணக்கா என்று உங்கள் சங்கம் கேட்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு மாதம் காலண்டரில் தினமும் குறித்து வாருங்கள். தொல்லை மாதவிடாய்க்கு முன் வந்து, அது வந்த சில நாளில் மறைகிறதா, அல்லது மாதம் முழுதும் இருக்கிறதா என்பது தெரிந்துபோகும். மாதம் முழுதும் சோர்வு என்றால் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். 2019-21 சர்க்கார் கணக்குப்படி நம் நாட்டுப் பெண்களில், அதாவது தமிழ்நாட்டில், 15 முதல் 49 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. சர்க்கார் சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரைக்குக் காசு இல்லை. கடுமையான மன வேதனைக்கும் நன்றாகச் சோதிக்கப்பட்ட மருந்துகள் உண்டு. போகும்போது அந்தக் காலண்டரை மறவாமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.