நாற்பதில் வளைந்த விரல்



ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கும் பழமொழிக்குப் பணிந்து, ஆசைப்பட்ட வாத்தியத்தைக் கடையிலேயே விட்டு வந்தவர் எத்தனையோ பேர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராகப் பணியாற்றிய கேரி மார்கஸ் அப்படிப் பணியவில்லை. தாளம் தமக்குப் பிடிபடாது என்று நம்பியிருந்த அவர், நாற்பதை நெருங்கும் வயதில் கிதாரைக் கையிலெடுத்தார். மனித மனம் கற்கும் விதத்தை ஆராய்வது அவர் தொழில். ஆகவே தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். அதன் விளைவு, 2012இல் வெளிவந்த ‘கிதார் ஸீரோ’ என்னும் நூல்.

கிதாருக்கு ஆறு தந்திகள். உலோகத் தந்தியை அழுத்தும் விரல்நுனி முதலில் சிவக்கும், நோகும். சில வாரங்களில் காய்த்துவிடும். இது பெரிதன்று. ஒருங்கே ஒலிக்கும் சுரங்களின் தொகுதியைக் ‘கார்டு’ என்பர். ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்கு இடக்கை விரல்கள் ஒரே கணத்தில் தாவ வேண்டும். வலக்கையோ அதற்காகத் தாளத்தை நிறுத்தலாகாது. ‘எஃப்’ கார்டுக்குச் சுட்டுவிரல் ஆறு தந்திகளின் மீதும் குறுக்கே கிடந்து அழுத்த வேண்டும். பலர் கிதாரை மூலையில் சாத்துவது அப்போதுதான்.

எனினும் முதிர்ந்தவருக்குப் பெருந்தடை விரலன்று, செவியே. முப்பதாண்டுகள் நல்லிசை கேட்டுப் பழகிய செவி, நேற்றுத் தொடங்கிய விரலை மன்னிப்பதில்லை. நாற்பதில் முதற்கவிதை எழுதத் துணிபவர் நிலையும் இதுவே. படித்த நல்ல கவிதைகளெல்லாம் கூடி நின்று அவருடைய முதல் வரியை எள்ளும். சிறுவர்க்கு இத்தொல்லை குறைவு. தப்பாக வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். அத்தகைய சிறுவர்களோடு கோடை இசை முகாம் ஒன்றில் மார்கஸும் ஒரு குழுவினராக வாசித்தார்!

அவருக்குத் தெம்பளித்தது ஒரு பறவை. கூகை, இரையைக் காதாலும் குறிபார்ப்பது. ஸ்டான்போர்டில் எரிக் நட்சன், கூகைகளின் கண்முன் காட்சியை ஒருபுறமாக விலக்கும் பட்டகங்களைப் பொருத்தினார். கண் ஒரு திசையும் காது ஒரு திசையும் காட்டின. இளங்கூகைகள் தம்மைத் திருத்திக்கொண்டன. முதிர்ந்தவை பெரும்பாலும் தோற்றன. ஆனால் விலக்கத்தைச் சிறிது சிறிதாக ஏற்றியபோது, முதிர்ந்தவையும் கணிசமாகத் திருந்தின என்பதை அவர் குழுவின் 2002ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

மார்கஸ் மேதையாகிவிடவில்லை, வாசிக்கக் கற்றுக்கொண்டார். நாற்பதில் தொடங்குபவர் ஒரு மாலை முழுவதும் இரண்டே கார்டுகளுக்கிடையே மெல்ல நடக்கலாம். அண்டை வீட்டார் பொறுத்தருள்வாராக.