பெட்டிக்குள் பெட்டி: ஒரு கையேடு எழுதிய அனுபவம்

வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, ஓய்வூதிய நிதி என்று பேசி உங்களைத் தூங்க வைப்பவன் இன்றைக்குக் கணினி பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். நான் படித்தது வணிகமாணி. நிரல் எழுதத் தெரியாது. எங்கள் நிலையத்துத் தம்பி ஒருவர் எழுதிய சிறு கருவிக்குத் தமிழில் கையேடு எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

கருவி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009 ஜனவரிக் கடைசியில் மெல்பேணில் மூன்று நாட்கள் தொடர்ந்து 43 பாகைக்கு மேல் வெயில் எரித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒரு வாரத்தில் விக்டோரியா மாநிலத்தில் வழமையைவிட 374 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று சுகாதாரத் திணைக்களம் பின்னர் கணக்கிட்டது. பெரும்பாலானோர் முதியவர்கள். கடும் வெயில் எச்சரிக்கை வரும் நாட்களில், தனித்திருக்கும் நம்மவர்களுக்கு நிலையத்திலிருந்து தொலைபேசி எடுத்து, "தண்ணி குடிச்சனீங்களோ, ஃபான் வேலை செய்யுதோ" என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் உண்டு.

அந்தப் பெயர்ப் பட்டியலைப் பல வருடங்களாக ஒரு அக்கா அவுட்லுக்கில் வைத்துப் பராமரித்தார். மிகவும் ஒழுங்கானவர். 'நேயர்கள்' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'தனித்திருப்போர்', அதற்குள் 'நடமாட்டம் குறைந்தோர்' என்று இன்னொன்று. பெட்டிக்குள் பெட்டி. பிறகு அவர் மகளோடு பிரிஸ்பேன் போய்விட்டார். தொலைபேசிக்கு முன்னால் இருக்கும் தொண்டர்கள் அவுட்லுக்கைத் திறந்து துழாவாமல், ஒரு பொத்தானில் பட்டியல் வரவேண்டும் என்று தம்பி அந்தக் கருவியைச் செய்தார்.

அது மைக்ரோசொஃப்ட் கிராஃப் என்ற ஏபிஐ வழியாக வேலை செய்கிறது. ஏபிஐ என்றால் என்ன? வங்கியின் பெட்டக அறைக்குள் நாம் போவதில்லை. படிவத்தை நிரப்பிக் கவுண்டரில் நீட்டுகிறோம். கேட்டது மட்டும் கைக்கு வரும், கேட்காதது வராது. அவ்வளவுதான்.

கருவியோடு தம்பி எழுதி வைத்திருந்த குறிப்பு ஒரே ஒரு வரி: கோப்புறையிலும் உட்கோப்புறைகளிலும் உள்ள எல்லாத் தொடர்புகளையும் காட்டும். கோடையின் முதல் வெயில் நாளில் தொண்டர்கள் அந்தப் பட்டியலை வைத்துப் பத்துப் பேருக்கு எடுத்தார்கள். பத்துப் பேரும் சுகம். பின்னேரம் ஒரு அம்மா தானே நிலையத்துக்கு எடுத்தார். "என்ன மோனை, இந்தமுறை ஒருத்தரும் எடுக்கேல்லை. என்னை மறந்திட்டியளோ?" என்றார். நடைவண்டி இல்லாமல் குசினிக்குக்கூடப் போக முடியாதவர்.

அக்கா விட்டுப்போன கொப்பியில் 27 பெயர்கள் இருந்தன. கருவி காட்டியது 10. கணக்காளனுக்கு உருண்டையான எண்ணைக் கண்டாலே ஒரு அரிப்பு வரும். தம்பியோடு உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, தொடர்புகளைக் கேட்டால் கிராஃப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் தராது. வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் பத்துப் பத்தாகத் தரும். மிச்சம் இருந்தால், அடுத்த தொகுதிக்கான இணைப்பைப் பதிலோடு ஒட்டிவிடும். அந்த இணைப்பைப் பிடித்துத் திரும்பப் போகவேண்டும். கருவி போகவில்லை. 'தனித்திருப்போர்' கோப்புறையில் 18 பேர் இருக்க, 10 பேரோடு அது நின்றுவிட்டது.

இரண்டாவதுதான் பெரிய வில்லங்கம். தொடர்புக் கோப்புறைகளைக் கேட்டால் முதல் அடுக்கில் உள்ளவை மட்டுமே வரும். அதற்குக் கீழே போக, ஒவ்வொரு கோப்புறையின் அடையாள எண்ணையும் கொடுத்து, "உனக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று தனித்தனியே கேட்க வேண்டும். மின்னஞ்சல் கோப்புறை என்றால், தன்னுள் எத்தனை கோப்புறைகள், எத்தனை கடிதங்கள் என்று அதுவே சொல்லிவிடும். தொடர்புக் கோப்புறை அப்படி இல்லை. பெயர், தன் அடையாள எண், தாய்க் கோப்புறையின் எண், இவ்வளவுதான் சொல்லும். கேட்காவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லாததுபோலவே இருக்கும். கருவி இரண்டு அடுக்குவரை கேட்டுவிட்டு நின்றது. மூன்றாம் அடுக்கில் ஒன்பது பேர் இருந்தார்கள். அக்கா கவனமாகப் பிரித்து வைத்ததாலேயே, அழைப்பு யாருக்கு மிகவும் அவசியமோ அவர்கள் ஆக ஆழத்தில் இருந்தார்கள்.

எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். திரையில் அழகான பட்டியல். பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வராது.

தம்பி இரண்டே நாளில் திருத்திவிட்டார், கெட்டிக்காரர். ஆனால் கையேடு என்றதும், "அங்கிள், கோட் வாசிச்சா விளங்கும்தானே" என்றார். தொலைபேசி எடுக்கும் எங்கள் தொண்டர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் எந்தக் கோடை வாசிப்பது? குறிப்பில் இருந்த 'எல்லா' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. கணக்காய்வில் அந்தச் சொல்லை யாராவது எழுதினால், எப்படித் தெரியும் என்று கேட்போம்.

ஆகவே ஒரு பரீட்சைப் பெட்டி செய்தோம். ஐந்து அடுக்குக் கோப்புறைகள், கற்பனைப் பெயர்கள் 23. நடுவில் வேண்டுமென்றே ஒரு வெறும் கோப்புறையை வைத்து, அதற்குள் நிரம்பிய ஒன்றை வைத்தோம். வெறுமையைக் கண்டு திரும்பிவிடும் கருவி அங்கே மாட்டிக்கொள்ளும். 23 பெயரும் வந்த பிறகே கையேட்டில் 'எல்லா' என்று எழுதினேன். தம்பியின் பழைய குறிப்புக்குக் கீழே மாதிரிப் பதில் என்று உண்மையான ஒரு நேயரின் தொலைபேசி எண்ணே ஒட்டப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு இந்தக் கற்பனைப் பெயர்களைப் போட்டோம். மற்றது, கருவிக்கு வாசிக்கும் அனுமதி மட்டுமே கொடுத்திருக்கிறது. தெரியாமல் எதை அழுத்தினாலும் ஒரு பெயரும் அழியாது. இதை முதல் பக்கத்திலேயே எழுதினேன். பயந்து தள்ளி நின்ற இரண்டு மாமிமார் அதை வாசித்த பிறகுதான் சுட்டியைத் தொட்டார்கள்.

வர்த்தகம் படித்த நேயர்களுக்குக் கட்டுப்பாட்டுக் கணக்கு நினைவிருக்கும். துணைப் பேரேட்டில் உள்ள தனித்தனி மீதிகளின் கூட்டுத்தொகை அதோடு ஒத்துவர வேண்டும். அதையே இங்கும் கேட்டேன். இப்போது பட்டியலின் அடியில், எத்தனை கோப்புறைகள் திறக்கப்பட்டன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று அச்சாகிறது. தொண்டர் அதைக் கொப்பியோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வைத்த பிறகே முதல் அழைப்பு. தொகை ஒத்துவந்தால் பிழையே இல்லை என்றும் ஆகாது. பரீட்சை மீதி பொருந்தியும் உள்ளே பிழை கிடப்பதுண்டு. யாராவது இறந்திருக்கலாம், வீடு மாறியிருக்கலாம். அதைக் கருவி அறியாது. கையேட்டின் நாலாம் பக்கத்தில் அதுவும் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும் என்ற தம்பி, கடைசியில் தமிழ்ப் பிரதியைத் தன் அம்மாவிடம் கொடுத்துப் பரிசோதித்தார். அவர் மூன்று இடங்களில் தடக்கினார். மூன்றையும் மாற்றினேன்.

கையேடு இப்போது நிலையத் தொலைபேசிக்குப் பக்கத்தில் பச்சைக் கோவையில் இருக்கிறது. உங்கள் எண் மாறியிருந்தாலோ, உங்கள் தெருவில் தனியாக ஒருவர் இருந்தாலோ, அவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு எங்களுக்குச் சொல்லுங்கள். ஞாயிறு காலை எடுத்தால் நானே எழுதிக்கொள்வேன்.