குஞ்சு தவறாகக் கொத்தும்போது



இங்கே கூரத்து வீடுகளின் கொல்லையில் குஞ்சுகளோடு மேயும் தாய்க்கோழியைப் பார்த்திருப்பீர்கள். இரையைக் கண்டதும் 'கொக் கொக்' என்று கூப்பிடும். அலகால் எடுத்துக் கீழே போட்டுக் காட்டும்.

இதை இங்கிலாந்தில் நிக்கோல், போப் என்ற ஆய்வாளர்கள் சோதித்து 1996இல் வெளியிட்டார்கள். ஒரு நிறத் தீவனம் ஆகாதது என்று தாய்க்கோழி முன்பே கற்றிருந்தது. அந்த நிறத் தீவனத்தைக் குஞ்சுகள் தின்னக் கண்டதும், நல்ல தீவனத்தை முன்னிலும் அதிகமாகக் கொத்திக் காட்டியது.

'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதும் குழந்தை நம் எல்லார் வகுப்பிலும் உண்டு. சிவப்பு மையால் சுழித்துவிட்டு நகர்ந்தால், நாளை அது எழுதவே அஞ்சும். அருகில் அமர்ந்து, சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு முறை எழுதிக் காட்டுவோம்.