தளர்ந்த செருகியில் பிறக்கும் தீ



சோறு வடிக்கும் மின்பானையின் வயர் எரிந்தது என்றால் நாம் வியப்படைய மாட்டோம். இடி விழுந்து தொலைக்காட்சிப் பெட்டி புகைந்தது என்றாலும் நம்பிவிடுவோம். ஆனால் பிள்ளைகள் விளையாடும் கணினிக்குள் ஒரு செருகி உருகி, கரிந்து, புகை கிளப்பியது என்றால் நம்மில் பலருக்கு அது புதிய செய்தியாகத்தான் இருக்கும். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் இத்தகைய கணினிகள் இன்று வீடுகளுக்குள் வந்துவிட்டன. பீடோங், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டப் பகுதிகளிலும் அவற்றைக் காணலாம். ஆகவே இந்த நெருப்பு எங்கே பிறக்கிறது என்பதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

கணினித் திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு வரைந்து தருவதற்கென்று, பெட்டிக்குள் தனியாகப் பொருத்தப்படும் பலகை ஒன்று உண்டு. அதை வரைகலை அட்டை என்கிறோம். கடைகளில் கிராபிக்ஸ் கார்டு என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். அட்டை என்ற பெயரைக் கேட்டு அதை மெல்லிய பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். பெரிய வகைகள் செங்கல்லைவிட நீளமானவை; இரண்டு மூன்று விசிறிகளைச் சுமந்துகொண்டிருப்பவை. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் அட்டை 450 வாட் மின்சாரத்தை உண்ணக்கூடியது. 2025 ஜனவரியில் வந்த 5090 என்பது 575 வாட் கேட்கிறது.

உண்ட மின்சாரம் எல்லாம் எங்கே போகிறது? அனைத்தும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அப்படியானால், சன்னல் சாத்திய சிறிய அறையில் இந்த அட்டை ஒன்று முழு வேகத்தில் ஓடினால், நான்கைந்து பேர் அங்கே கூடி உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ரப்பர் தாள்களைப் புகை போட்டு உலர்த்திய கூடத்தை அறிந்தவர்களுக்கு, சூடான காற்று போக வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அறையில் ஒரு பாகை கூடினால் அட்டையிலும் ஏறக்குறைய ஒரு பாகை கூடும்.

இருந்தாலும், தீக்குக் காரணம் பெரும்பாலும் இந்த வெப்பம் அன்று. அட்டையின் நடுவே இருக்கும் சில்லு தன் சூட்டைத் தானே அளந்துகொள்ளும். சூடு எல்லையை நெருங்கினால் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேல் போனால் தானே நின்றுவிடும். காவலாளி வைத்திருக்கும் வீடு அது. திருடன் நுழைவது காவலாளி இல்லாத பின்பக்கத்து வழியாக. அந்தப் பின்பக்கம்தான், மின்சாரம் அட்டைக்குள் நுழையும் செருகி. அதாவது நாம் வழக்கத்தில் பிளக் என்று சொல்வது.

இங்கே சிறிய கணக்கு ஒன்று போட வேண்டும். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம். தண்ணீர் கொதிக்க வைக்கும் 2,000 வாட் மின்கெண்டி அதிலிருந்து சற்றேறக்குறைய 9 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. கணினிக்குள் ஓடுவதோ வெறும் 12 வோல்ட். அழுத்தம் குறைந்தால், அதே வேலைக்கு ஓட்டம் கூட வேண்டும். 600 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோக 50 ஆம்பியர் தேவை. கெண்டியின் வயரில் ஓடுவதைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல்! இது முழுவதும், கட்டைவிரல் அளவுள்ள ஒரு செருகியில் ஆறு மெல்லிய முனைகள் வழியாகப் போகிறது. திரும்பி வர இன்னும் ஆறு. ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டர்தான். சுவரில் செருகும் நம்முடைய மூன்று கால் பிளக்கின் பருத்த பித்தளைக் கால்களை நினைத்துப் பாருங்கள். அவை சுமப்பது அதிகமாகப் போனால் 13 ஆம்பியர்.

ஆறு முனைகளும் ஓட்டத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆம்பியர் சொச்சம் வரும். அதை அவை தாங்கும். பங்கு சமமாக இல்லாவிட்டால்? மூடா நீர்ப்பாசனத்தில் நெல் விளைவிக்கும் கெடா விவசாயிக்கு இது உடனே விளங்கும். ஆறு மடைகளில் நான்கு சேறு அடைத்துக்கொண்டால், வரும் தண்ணீர் நின்றுவிடுவதில்லை. மீதமுள்ள இரண்டு மடைகளைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. வாய்க்காலின் தலைப்பில் நின்று பார்ப்பவருக்கோ எல்லாம் வழக்கம்போலவே தெரியும்.

செருகி முழுவதும் இறங்காமல் சற்றே சாய்ந்திருந்தால், சில முனைகள் நன்றாகத் தொடும். சில பட்டும் படாமலும் நிற்கும். நன்றாகத் தொடுகிற முனை மற்றவற்றின் சுமையையும் தாங்க வேண்டியதாகிறது. ஓட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. இதை ஜூல் என்ற ஆங்கில அறிவியலாளர் 1840களிலேயே கண்டு சொல்லிவிட்டார். சூடு ஏற ஏற, முனையைக் கவ்விப் பிடித்திருக்கும் உலோக வில் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் தடை கூடுகிறது. தடை கூடினால் மேலும் சூடு. கடைசியில் ஓர் உளுந்து அளவு இடத்தில், ஈயம் பற்றவைக்கும் கருவியின் நுனியில் உள்ளதைப் போன்ற வெப்பம் சேர்ந்துவிடுகிறது. சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகத் தொடங்குகிறது.

4090 அட்டை கடைக்கு வந்த அதே மாதத்தில் உருகிய செருகிகளின் படங்கள் உலகெங்கும் பரவின. நவம்பரில் என்விடியா நிறுவனம், உலக அளவில் சுமார் 50 புகார்கள் தன் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், செருகியை முழுமையாக அழுத்திப் பொருத்தாததே பொதுவான காரணமாகத் தெரிவதாகவும் அறிவித்தது. அது பொய்யன்று. தனியார் ஆய்வாளர்களும் பாதி செருகிய நிலையில் ஓடவிட்டு உருக வைத்துக் காட்டினார்கள். ஆனால் பழியை வாடிக்கையாளரின் கையில் மட்டும் போட்டுவிடுவது முறையாகாது என்பது என் எண்ணம். 50 ஆம்பியர் சுமக்கும் ஒரு பொருள், பாதி செருகியும் வேலை செய்யும்படி அமைந்திருந்தால், அதை அமைத்தவருக்கும் அதில் பங்கு உண்டு. பின்னர் 2023இல் செருகியின் வடிவத்தையே திருத்தினார்கள். அதில் உள்ள சிறு உணர்வு முனைகளைக் குட்டையாக்கினார்கள். முழுவதும் இறங்கினால்தான் அவை தொடும். தொட்டால்தான் அட்டை முழு மின்சாரம் கேட்கும். நல்ல திருத்தம்.

அதோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. வயரை வளைக்காமல் பொருத்துவதற்காகக் கேபிள்மாட் என்னும் நிறுவனம் விற்ற கோண இணைப்பிகள் சூடாகி உருகியதாக 272 புகார்கள் வந்தன. 2024 பிப்ரவரியில் ஏறக்குறைய 25,300 இணைப்பிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. 2025 பிப்ரவரியில் 5090 அட்டையிலும் உருகிய செருகிகள் தோன்றின. ஜெர்மனியைச் சேர்ந்த ரோமன் ஹார்டுங் என்னும் வல்லுநர் தம்மிடமிருந்த அட்டையை ஓடவிட்டு அளந்து பார்த்தார். ஆறு வயர்களில் ஒன்றில் மட்டும் 20 ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. செருகியின் ஒரு முனையில் சூடு 150 பாகை செல்சியசைத் தொட்டது. ஆறு வயர்களும் அட்டைக்குள் நுழைந்தவுடன் ஒன்றாகக் கலந்துவிடுவதால், எதில் எவ்வளவு வருகிறது என்று அட்டைக்கே தெரியாது.

இவற்றில் பெரும்பாலானவை உருகியதோடு நின்றன. செருகியின் பிளாஸ்டிக் தானாகவே தீ அணையும் வகையைச் சேர்ந்தது என்பதே அதற்குக் காரணம். எல்லாப் பாகங்களுக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. என்.இசட்.எக்ஸ்.டி. என்னும் நிறுவனம் விற்ற எச்1 கணினிப் பெட்டியில், வரைகலை அட்டையை இணைக்கும் சிறு பலகையை இறுக்கிய ஒரு திருகாணி, 12 வோல்ட் தடத்தைத் தொட்டுக் குறுக்குச் சுற்று உண்டாக்கியது. பலகை உண்மையாகவே தீப்பற்றியது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 32,000 பெட்டிகளை 2021இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒரே ஒரு திருகாணி!

இப்போது நேயர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். “இவ்வளவு சூடானால் ஃபியூஸ் போய்விடாதா? மெயின் சுவிட்ச் விழுந்துவிடாதா?” போகாது, விழாது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஃபியூஸ் அறிந்தது மொத்த ஓட்டத்தின் அளவை மட்டுமே. அளவுக்கு மிஞ்சி ஓடினால் அது அறுபடும். மின்கசிவைக் கண்டு விழும் சுவிட்ச், ஓட்டம் நிலத்துக்கோ நம் உடலுக்கோ ஒழுகினால் விழும். தளர்ந்த இணைப்பில் மொத்த ஓட்டம் வழக்கமானதே, ஒழுக்கும் இல்லை. சூடு மட்டும் ஓர் இடத்தில் குவிகிறது. அதைக் காண இந்தக் காவலர்களுக்குக் கண்கள் இல்லை.

கணினிக்குள் நடக்கும் இதே காரியம் நம் வீட்டுச் சுவரிலும் நடக்கிறது. முன்பெல்லாம் பல தோட்டங்களில் இயந்திரம் ஓடும் மாலை நேரத்தில் மட்டும் விளக்கு எரியும். லயத்து வீட்டுக்கு இரண்டு விளக்கும் ஒரு வானொலியும் போதும் என்று போட்ட வயர்கள் அவை. அத்தகைய பழைய வீடுகளில் இன்றும் சில குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரே செருகுவாயில் நீட்டிப்பு வயரை மாட்டி, அதில் கணினி, மின்பானை, கெண்டி, விசிறி எல்லாவற்றையும் கோத்துவிடுகிறோம். பெரிய கணினி ஒன்று தனியாக நான்கு ஆம்பியருக்கு மேல் கேட்பது அரிது; அது சுவருக்குப் பெரிய சுமை அன்று. கெண்டியும் கூடச் சேரும்போதுதான் தொல்லை. மேலும், பல ஆண்டுகளாகச் செருகிப் பிடுங்கித் தளர்ந்துபோன செருகுவாய், குறைந்த சுமையிலும் சுடும். நீட்டிப்பு வயர் வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரவுச் சந்தையில் ஐந்து ரிங்கிட் மலிவு என்று முத்திரை இல்லாததை வாங்குவது லாபம் அன்று.

இன்னொரு வழியாகவும் ஆபத்து வீட்டுக்குள் வருகிறது. பிட்காயின் முதலிய மின்னியல் நாணயங்களைத் தோண்டுவதற்கு இரவு பகலாக இயந்திரங்களை ஓட்டும் தொழிலை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மின்சாரத்தைத் திருடி இதை நடத்தியதால், 2020 முதல் 2025 ஆகஸ்ட் வரை தெனாகா நேஷனலுக்கு ஏறக்குறைய 460 கோடி ரிங்கிட் இழப்பு என்று அமைச்சு தெரிவித்தது. சரவாக்கின் மிரி நகரில் 2021இல் பறிமுதல் செய்த 1,069 இயந்திரங்களைக் காவல் துறையினர் சாலை உருளையால் நசுக்கினார்கள். அந்த ஊரில் இத்தகைய திருட்டு இணைப்புகளால் வீடுகள் எரிந்ததாகவும் காவல் துறை கூறியது.

எத்தீரியம் என்ற நாணயத்தைத் தோண்ட வரைகலை அட்டைகளையே வரிசை வரிசையாக அடுக்கி ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்த நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அந்த அட்டைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவை பழைய பொருள் சந்தைக்கு வந்தன. வேலைக்குப் போகத் தொடங்கிய இளைஞர், புதியது வாங்க வசதியில்லாமல் இவற்றைத் தேடிப் போவது இயல்பே. வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தூசி அடைத்த விசிறியையும் காய்ந்துபோன வெப்பப் பசையையும் மாற்றிவிட்டால் பல அட்டைகள் நன்றாகவே உழைக்கும். ஆனால் அவற்றோடு சேர்த்து இனாமாகத் தரப்படும் இணைப்பு வயர்களை மட்டும் வாங்காதீர்கள். குறிப்பாக, வட்டு நிலைவட்டுகளுக்கான தட்டையான சாட்டா செருகியிலிருந்து அட்டைக்கு மின்சாரம் எடுக்கும் இணைப்பி. சாட்டா செருகி 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். அட்டை செருகும் பள்ளம் 75 வாட் வரை கேட்கலாம். தோண்டும் கூடங்களில் இவை உருகியதும் எரிந்ததும் எண்ணற்ற முறை.

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்யும் நேயர்களுக்கு இந்த வெப்பப் பிரச்சினை அந்நியமானதன்று. அங்கே இன்ஃபினியன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் திறந்த புதிய ஆலை, சிலிக்கன் கார்பைடு சில்லுகளைச் செய்வதற்காகவே எழுந்தது. அதிக மின்னாற்றலைக் குறைந்த வெப்ப இழப்போடு கையாள்வதே அச்சில்லுகளின் பெருமை. ஒரு வாட் இழப்பைக் குறைக்க அவ்வளவு பெரிய ஆலை! வீட்டிலோ, செருகியை இன்னும் ஒரு மில்லிமீட்டர் அழுத்தாததால் பத்து வாட் ஓரிடத்தில் எரிகிறது.

ஆகவே கணினியைப் பூட்டும்போது, சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு, செருகியைக் ‘கிளிக்’ என்ற ஒலி கேட்கும்வரை நேராக அழுத்த வேண்டும். செருகிக்கும் அட்டைக்கும் நடுவே இடுக்குத் தெரியக் கூடாது. செருகியை ஒட்டியே வயரை மடக்காமல், மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக விட்டு வளைக்க வேண்டும். பெட்டியின் கண்ணாடிக் கதவு வயரை அழுத்துகிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி கழற்றி மாட்டிச் சோதிப்பதும் நல்லதன்று. ஒவ்வொரு முறையும் முனைகள் சற்றுத் தளரும்.

வாசனையையும் கவனியுங்கள். சூடேறும் பிளாஸ்டிக், எரிவதற்கு முன் சில வேளைகளில் மீன் நாற்றம் போன்ற ஒரு வாடையைத் தரும். பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள். திரை திடீரென்று கறுத்துப்போய், விசிறி மட்டும் பேரிரைச்சலோடு சுற்றினாலும் உடனே அணைத்துவிட்டுச் செருகியைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் அந்த வயரை மீண்டும் பயன்படுத்தவே கூடாது.

புகையே வந்துவிட்டால், முதலில் சுவர்ச் சுவிட்ச். அதை நெருங்க முடியாவிட்டால் மெயின் சுவிட்ச். தண்ணீர் ஊற்றக் கூடாது. தூள் வகைத் தீயணைப்பான் கைக்கு எட்டினால் பயன்படுத்தலாம். தீ பெட்டியை விட்டுத் திரைச்சீலைக்குத் தாவிவிட்டால், கணினியை மறந்துவிட்டு எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்துங்கள். வெளியே நின்று 999க்கு அழையுங்கள். வரிசை வீடாக இருந்தால், இரு பக்கத்து வீட்டாரையும் கையோடு எழுப்பிவிடுங்கள்.